பின்கேட்டும் இரண்டு அண்டாக்களும்

புதன்கிழமை சாயங்காலம் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் பொதிகை ரயிலில் ஏறினேன். ஒரு துணிப்பை, மடித்துக் கட்டிய நான்கு சாக்கு, ஒரு கட்டு சணல் கயிறு. இவ்வளவுதான் என் சாமான். சாக்கு எதற்கு என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டார். பாத்திரம் கட்டிக்கொண்டு வர என்று சொன்னேன். மெட்ராஸிலிருந்து பாத்திரம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவர்கள் உண்டு. வெறும் சாக்கோடு அங்கே போகிறவனை அவர் பார்த்ததில்லை போலும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்கும் நிம்மதி.

நான் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் அன்னதானம் எல்லாவற்றுக்கும் அண்டா, தேக்சா, கரண்டி, ஜல்லடை என்னிடமிருந்துதான் போகும். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் 'க. சுப்பையா, சங்கரன்கோவில்' என்று உளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். என் தங்கை செல்வி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியின் பின்கேட்டுக்கு எதிரே மெஸ் வைத்தபோது, கடையிலிருந்து நல்ல பாத்திரமாகப் பார்த்து லாரியில் ஏற்றி அனுப்பினேன். அதில் இரண்டு, இடுப்பு உயர எவர்சில்வர் அண்டா. அதுபோல இன்னொரு ஜோடி என் கடையில் கிடையாது.

செல்வியின் கணவர் மாரியப்பன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். காண்ட்ராக்ட் முடிந்ததும் இருவரும் ஊருக்குத் திரும்பாமல் மெஸ்ஸைத் தொடங்கினார்கள். நன்றாகத்தான் போனது. போன மாதம் செல்வி போனில் பேசும்போது, "பின்கேட்டை மூடிட்டாக அண்ணே" என்று சொல்லிவிட்டு உடனே என் மகனின் காய்ச்சலைப் பற்றி விசாரித்தாள். எது அதிகம் வலிக்கிறதோ அதைப் போகிற போக்கில் சொல்வது அவள் பழக்கம்.

வீட்டில் என் அண்ணனும் என் மனைவியும் கலந்து பேசி முடிவெடுத்தார்கள். மெஸ்ஸை மூடிவிட்டு செல்வி குடும்பம் ஊருக்கு வந்துவிட வேண்டும். கையோடு பாத்திரங்களையும் கொண்டுவர வேண்டும், ஆடித்தபசு அன்னதானத்துக்கு ஆட்கள் கேட்டு வருவார்கள். இதைப் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். கரண்டி வளைந்து திரும்பி வந்தால்கூட ஏனென்று கேட்க வாய் வராதவன். அண்ணன் போனால் சத்தம் போடுவார், சத்தத்துக்கு செல்வி அசைய மாட்டாள் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

"போதும் செல்வி, வா, ஊருக்குப் போவோம்." இதுதான் நான் சொல்ல வேண்டியது. மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். விருதுநகரில் அது பாசமாக இருந்தது. மதுரை வரும்போது கண்டிப்பு மாதிரி கேட்டது. கொஞ்சம் மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

வியாழன் விடியும் முன்பே செங்கல்பட்டு. ஸ்டேஷன் வாசலில் டீ பதினைந்து ரூபாய், எங்கள் ஊரில் பன்னிரண்டு. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வந்து, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். தூரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ரோட்டில் எங்கள் பஸ்ஸைவிடக் கம்பெனி பஸ்கள்தான் அதிகம். வெள்ளை பஸ், நீல பஸ், எல்லாவற்றிலும் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகள். இடையிடையே மஞ்சள் நிறத்தில் கல்லூரி பஸ்கள். அதிலும் அதே வயசுப் பிள்ளைகள், அதே தூக்கம்.

என் பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பையன் உட்கார்ந்தான். ராஜபாளையம் பக்கம். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதால் இதில் வருகிறானாம். எங்கே போகிறேன் என்று கேட்டான். சொன்னேன். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் படித்தது அந்தக் கல்லூரியில்தான். ஒரகடம் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து அவனை எடுத்துக்கொண்டதாம்.

"காலேஜ்ல எனக்கு அட்டெண்டன்ஸ் கம்மி சார். பின்கேட்டுல ஃபுல் அட்டெண்டன்ஸ்" என்று சிரித்தான்.

பின்கேட்டை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நெசமாவா?" என்று கேட்டு, போனை எடுத்து யார் யாருக்கோ செய்தி அனுப்பினான். ஒரகடம் கூட்டுரோடு வரும்வரை பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கேட்டுக்கு இத்தனை பேர் துக்கம் கேட்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இறங்கும்போது, "ஞாயித்துக்கெழமை ரூம்ல எல்லாரும் அங்கதான் சாப்பிடப் போவோம் சார், இந்த ரெண்டு மாசமா ஓவர்டைம்னு போகலை" என்று, ஏதோ அவன் போகாததால்தான் மூடினார்கள் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னைப் பக்கமாக ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பென்னலூர் தாண்டி, தண்டலத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர். பெயர் போட்டால் கல்லூரி இன்னதென்று தெரிந்துவிடும், எழுத வேண்டாம் என்று செல்வி கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். ஆட்டோக்காரர் முன்கேட்டா பேக்கேட்டா என்று கேட்டார். பின்கேட்டு என்றதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அங்க இன்னா சார் கீது இப்போ? அல்லாரும் ஈ ஓட்டிக்கினு கீறாங்கோ."

பின்கேட்டு இருந்தபோது சாயங்காலம் வண்டி காலியாக நின்றதில்லையாம். இப்போது பிள்ளைகள் வெளியே வருவதில்லை. போனிலேயே சாப்பாடு சொல்லி முன்கேட்டுக்கு வரவழைக்கிறார்கள். அவர் மேலும் சொன்னார்: "பசங்க வெளிய போவக்கூடாதுன்னு கேட்டை மூடினாங்கோ. இப்போ ஊர்ல கீற ஓட்டல் அத்தினியும் பைக்ல ஏறி முன்கேட்டாண்ட வந்து நிக்குது. நான் ஆட்டோ நிறுத்த எடமில்லை சார்."

நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தெருவின் முனையில் இறங்கி நடந்தேன். ஒருபக்கம் முழுக்க கல்லூரியின் காம்பவுண்டுச் சுவர். நடுவில் கறுப்பு இரும்பு கேட், சங்கிலி, பூட்டு. எதிர்ப்பக்கம் கடைகள். ஒரு தெருவில் எல்லாக் கடையும் ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை, இஸ்திரி, செல்போன் ரிப்பேர், கேக் கடை. பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. ஜெராக்ஸ் கடை வாசலில் ஓர் அட்டை: 'இன்டர்வியூவுக்கு டை, பெல்ட், ஷூ வாடகைக்கு. ஒரு நாள் ஐம்பது ரூபாய்.' என் தொழில்காரர் ஒருவர் இங்கேயும் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. டைகள் கம்பியில் தூசியோடு தொங்கின.

செல்வி வாசலிலேயே நின்றாள். "வாங்கண்ணே" என்றாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"சாக்கு எதுக்கு?"

"சும்மா" என்றேன்.

"சும்மாவா நாலு சாக்கு கொண்டாந்தீக?"

உள்ளே போய் தோசை ஊற்றினாள். மாரியப்பன் வந்து, "மச்சான், டிரெயின்ல எடம் நல்லபடியா கெடைச்சுதா" என்று சாக்கைப் பார்க்காமல் பேசினார். அவர் பார்க்காமல் இருந்த விதத்திலேயே அவருக்கும் தெரியும் என்பது தெரிந்தது.

மெஸ்ஸில் நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடி ரூம்களில் தங்கி கம்பெனிக்குப் போகும் தெற்கத்திப் பையன்கள். முன்பு இந்நேரத்துக்கு உட்கார இடம் இருக்காது என்றார் மாரியப்பன். கம்பெனிப் பிள்ளைகளை வைத்து மெஸ் ஓட்ட முடியாதா என்று கேட்டேன். அவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு கம்பெனி கேன்டீனில் போய்விடும், ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், இன்று பத்துப் பேர் வந்தால் நாளை இரண்டு பேர். ஹாஸ்டல் பிள்ளைகள் அப்படியில்லை. சாயங்காலம் ஆனால் பசிக்கும். மழையடித்தாலும் பசிக்கும், பரீட்சை என்றால் இன்னும் அதிகமாகப் பசிக்கும்.

மத்தியானம் கட்டடத்தின் சொந்தக்காரி எஸ்தர் அக்கா வந்தார். உள்ளூர்க் குடும்பம். கீழே நான்கு கடை, மேலே ரூம்கள். ஆட்டோக்காரரைவிட வேகமாகப் பேசினார். இந்த இடத்தில் நெல் போட்டிருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. "நெல்லு வர்சத்துக்கு ஒரு போகம் அண்ணா. மழை இல்லாங்காட்டி அதுவும் இல்லை. ரூமு மாசா மாசம் போகம்" என்றார். கேட்டை மூடியதிலிருந்து படிக்கிற பையன்கள் ரூமைக் காலி செய்துவிட்டார்கள். கடைக்காரர்களிடம் வாடகை கேட்கவும் இவருக்கு மனசு வரவில்லை. ஜூஸ் கடைக்காரர் சொல்லிக்கொள்ளாமலே காலி செய்துவிட்டுப் போனதுதான் அவருக்குப் பெரிய குறை.

கல்லூரியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினார்தான், ஆனால் வீட்டு ஆளைத் திட்டுவது மாதிரி. தெருப் பெண்கள் பலர் உள்ளே கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவருடைய மருமகளே அங்கே லேபில் இருக்கிறாள். பின்கேட்டு இருந்தபோது ரோட்டைக் கடந்தால் வேலை. இப்போது நெடுஞ்சாலைக்குப் போய், அந்தப் பக்கம் திரும்ப வழியில்லாமல் வெகுதூரம் போய் யூ டர்ன் எடுத்து முன்கேட்டுக்கு வர வேண்டும். "ஆட்டோவுக்கே சம்பளத்துல பாதி பூடுது. லேட்டா போனா சூப்பர்வைசர் கத்துறான். வெளிய போறவனைத்தான் அவங்கோ கணக்கு போட்டாங்கோ. உள்ள வர்றது யாரு, இன்னா எடுத்தாறாங்கன்னு பாக்கலை" என்றார்.

என் கண் அதற்குள் இரண்டு முறை பாத்திர அலமாரிப் பக்கம் போய்விட்டது. தொழில் புத்தி. தேக்சாக்கள் இருந்தன, கரண்டிகள் இருந்தன. பெரிய அண்டா இரண்டும் இல்லை.

"அது உள்ளே இருக்கு" என்று செல்வி மதிலைக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. மெஸ் மட்டும் அல்ல, ஹாஸ்டல் சமையலுக்கு இட்லி மாவும் செல்விதான் ஆட்டிக் கொடுத்திருக்கிறாள். முந்தைய நாள் சாயங்காலம் ஆட்டி, இரண்டு அண்டாவிலும் ஊற்றி வைத்தால், விடியற்காலம் பொங்கித் தயாராக இருக்கும். தள்ளுவண்டியில் வைத்து ரோட்டைக் கடந்து பின்கேட்டு வழியாக உள்ளே தள்ளினால், கேட்டுக்கு அந்தப் பக்கமே சமையலறை. சாயங்காலம் காலி அண்டா கழுவித் திரும்பி வரும். கேட்டை மூடியதும், மாவை முன்கேட்டு வழியாகக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆட்டோவில் வைத்து நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். முன்கேட்டில் பாஸ் எழுத நிறுத்திவைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாவு யாருடைய பாஸுக்கும் காத்திருக்காது. பொங்கி வழிந்து ஆட்டோ சீட்டெல்லாம் ஊறிவிட்டது. மூன்றாவது நாள் ஆட்டோக்காரர் கும்பிடு போட்டுவிட்டார். அன்றைக்கு உள்ளே போன அண்டாக்கள் உள்ளேயே இருந்துவிட்டன. ஹாஸ்டலில் எங்கிருந்தோ வேறு மாவு வாங்குகிறார்களாம்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். செல்வி கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். சாக்கிலிருந்து படியால் அள்ளி அள்ளிப் பெரிய வாளியில் போட்டாள். வாளி நிறையும்போது கை நின்றது. பிறகு முக்கால்வாசி அரிசியைத் திரும்ப அள்ளிச் சாக்கில் போட்டாள். கை பழைய கணக்கிலேயே போயிருக்கிறது. தினமும் இப்படித்தான் நடக்கிறதோ என்னவோ. நான் வாயைத் திறந்தேன். "நாளைக்குப் போய் அண்டாவை வாங்கிட்டு வந்துருதேன்" என்றுதான் வந்தது.

"வாங்கிட்டு வாங்க" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நானும் மாரியப்பனும் ஆட்டோவில் கிளம்பினோம். வாடகை நூற்றைம்பது ரூபாய். மெஸ் வாசலில் நின்றால் மதிலுக்கு மேலே ஹாஸ்டல் சமையலறையின் புகைக்குழாய் தெரிகிறது. அங்கே போகத்தான் நூற்றைம்பது ரூபாய். முன்கேட்டில் ஆட்டோக்காரர் சொன்னது உண்மை. சாப்பாட்டுப் பை சுமந்த பைக்குகள் வரிசையாக நின்றன. வாட்ச்மேன்கள் ஒவ்வொரு பையாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காவல் வேலையை விட்டுப் பந்தி பரிமாறுகிற வேலை.

கல்லூரிக்குள் நான் போனது வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை. பத்தாவதோடு படிப்பு நின்றது. உள்ளே ரோடு அகலமாக, இருபுறமும் மரங்களோடு இருந்தது. பிள்ளைகள் நடுவில் நடந்தார்கள், நான் ஓரமாக நடந்தேன். ஒரு மைதானம் முழுக்க மஞ்சள் பஸ்கள். டிரைவர்கள் பஸ்ஸுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம்வரை அவர்களுக்கு வேலை இல்லையாம். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளால் இந்த ஊருக்கு வரும்படி கிடையாது என்றார் மாரியப்பன். கேட்டுக்குள் ஏற்றி வருகிறார்கள், கேட்டுக்குள்ளேயே ஏற்றிப் போகிறார்கள், தெருவில் ஒரு கடலைமிட்டாய்கூட வாங்குவதில்லை. தெருவுக்குச் சோறு போடுவது தங்கிப் படிக்கிற பிள்ளைகள்தான்.

சமையலறையில் என் அண்டாக்களைப் பார்த்ததும் எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒன்றில் சாம்பார், ஒன்றில் ரசம். விளிம்பில் 'க. சுப்பையா'. தலைமைச் சமையல்காரர் தாமோதரன் மாரியப்பனைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாபா, மாவு எடுத்தாந்தியா?"

அண்டாவை எடுத்துப் போக வந்திருக்கிறோம், பாத்திரத்துக்குச் சொந்தக்காரர் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று மாரியப்பன் என்னைக் காட்டினார். தாமோதரன் என்னையும் அண்டா விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்புக்குப் பின்னால் தட்டில் இருந்த இட்லி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். பிட்டுப் பார்த்தேன். புளிப்பு நாக்கைப் பிடுங்கியது. இதைப் பிள்ளைகள் தொடுவதில்லை, போனில் சாப்பாடு சொல்லிவிடுகிறார்கள், கேட்டில் கூட்டம் என்று செக்யூரிட்டி தன்னைத் திட்டுகிறான் என்று புலம்பினார். வார்டனிடம் பல தடவை சொல்லிவிட்டாராம். பார்க்கலாம் என்கிறார்களாம். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நீ வா அண்ணே. நீ ஒண்ணியும் பேசாத. சும்மா நில்லு போதும்."

எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். போனேன்.

ஹாஸ்டல் ஆபீஸில் வார்டன் ஓர் அம்மா. பாடமும் எடுப்பவராம். மேஜையில் காப்பி ஆறிப்போய் இருந்தது. தாமோதரன் வாசலிலிருந்தே தொடங்கிவிட்டார். மாவு சப்ளை பண்றவங்களோட முதலாளி சங்கரன்கோவிலிலிருந்து நேரில் வந்திருக்கிறார், பாத்திரத்தை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார், இதை எடுத்துவிட்டால் நாளைக்கு சாம்பார் வைக்க எனக்குப் பாத்திரம் இல்லை, இனி இந்தப் பக்கமே மாவு தரமாட்டாராம் என்று அடுக்கினார். இதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை.

வார்டன் அம்மா என்னைப் பார்த்து, "சார், உட்காருங்க" என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றேன். "நாங்க கேட்டை மூடினது யாருக்கும் கஷ்டம் கொடுக்கிறதுக்கு இல்லை சார். பேரன்ட்ஸ் நிறைய பேர் கேட்டாங்க. உங்களுக்குப் புரியும்" என்றார். எனக்குப் புரிந்தது. மகளை இத்தனை தூரம் அனுப்பியிருந்தால் நானும் கேட்டிருப்பேன். அதைச் சொல்லலாம் என்று நினைத்தேன், தொண்டையை விட்டு வரவில்லை. தரையைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் பொறுத்து, "உங்க கோபம் நியாயம்தான்" என்றார். கோபம் இல்லையம்மா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தாமோதரன் பின்னாலிருந்து என் சட்டையை லேசாக இழுத்தார், பேசாதே என்று.

வார்டன் அம்மா டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பின்கேட்டைக் குறித்த நேரத்துக்குத் திறக்கலாம் என்று ஏற்கெனவே முடிவாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்ததாம். பெருக்குகிற பெண்கள் தாமதமாக வருவது, முன்கேட்டுக் கூட்டம், இட்லி, எல்லாம் சேர்ந்து அந்தத் தாளை எழுத வைத்திருக்கின்றன. நான் அதில் எதுவும் செய்யவில்லை. அடுத்த வாரம் போட இருந்த கையெழுத்து அன்று விழுந்தது, அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலையில திறக்கச் சொல்றேன். காலையில ஸ்டாஃப், சப்ளை. சாயங்காலம் ஸ்டூடன்ட்ஸ், எட்டு மணி வரைக்கும். அதுக்கு மேல இல்லை" என்றார். பிறகு, "பாத்திரத்தை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க சார்" என்று சிரித்தார்.

நான் தலையாட்டினேன். அந்த ஆபீஸில் நான் செய்த ஒரே காரியம்.

வெளியே வந்ததும் தாமோதரன் என் முதுகில் தட்டி, "சூப்பர் பேச்சுண்ணே" என்றார். அண்டாக்களில் இருந்த சாம்பாரையும் ரசத்தையும் வேறு பாத்திரங்களில் மாற்றி, இரண்டையும் அவரே கழுவி ஆட்டோவில் ஏற்றினார். மாவோடு நாளை திரும்பி வர வேண்டும் என்பது நிபந்தனை.

செல்வியிடம் மாரியப்பன்தான் சொன்னார். வார்டன் அம்மா முன்னால் நான் நின்ற நிலையையும் நடித்துக் காட்டினார். எஸ்தர் அக்கா சிரித்து சிரித்து, "ஐயோ, இந்த அண்ணனா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்வி சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். எழுந்து போய் அரிசிச் சாக்கைப் பிரித்தாள். வாளி நிறைய அள்ளினாள். இந்தத் தடவை எதையும் திருப்பிப் போடவில்லை.

கிரைண்டர் ஓடத் தொடங்கிய பிறகு, சத்தத்துக்கு நடுவே என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீகன்னு தெரியும்ணே. ரெண்டு நாளா வாய்க்குள்ளயே வச்சிருந்தீகல்லா, அதை அப்படியே ஊருக்குக் கொண்டு போயிருங்க. சாக்கை மட்டும் குடுத்துட்டுப் போங்க. வண்டில அண்டா வழுக்குது."

கொடுத்துவிட்டேன். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை அரிசியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை. கேட்டுக்கு இந்தப் பக்கம் துடைப்பக்காரப் பெண்கள் டிபன் டப்பாவோடு நின்றார்கள். நாங்கள் தள்ளுவண்டியோடு நின்றோம். அடியில் என் சாக்குகள், மேலே இரண்டு அண்டா, வாயில் ஈரத்துணி. அந்தப் பக்கம் வாட்ச்மேன் சாவியைப் போட்டுத் திருகினார். பூட்டு திறக்கவில்லை. ஒரு மாதமாக ஆடாத பூட்டு, நடுவில் இரண்டு மழை வேறு. அவர் திருகுவதும் உதறுவதுமாக இருந்தார். பெண்களில் ஒருவர், "தாத்தா, நீ சாவிய மாத்தி எடுத்தாந்துட்டியா?" என்று கேட்க, அவர் கோபத்தில் இன்னும் வேகமாகத் திருகினார். செல்வி உள்ளே ஓடி தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கம்பி வழியாகக் கையை விட்டுப் பூட்டின் வாயில் ஊற்றினாள். வாட்ச்மேன் மறுபடி திருகினார். பிறகு அது திறந்தது.

அண்டா ரோட்டைக் கடக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. மாவு ஒரு சொட்டு சிந்தவில்லை. வண்டி உள்ளே போகும்போது அண்டா விளிம்பில் என் பெயரைப் பார்த்தேன். சமையலறை வாசலில் தாமோதரன் நின்று, பந்தலுக்கு மாப்பிள்ளை வருவதுபோலக் கையைக் காட்டி வரவேற்றார்.

சாயங்காலம்வரை இருந்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிள்ளைகள் வருவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. முதலில் இரண்டு பேர் வந்து, உண்மையிலேயே விடுகிறார்களா என்பதுபோல கேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தெரு நிறைந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறித் திரும்பத் தொங்கவிட்டார். செல்வி தோசைக்கல்லிலிருந்து தலை நிமிரவில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. கரண்டியை ஆட்டிக் காட்டினாள். அதைவிட நல்ல வழியனுப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஜூஸ் கடை காலியாகவே கிடக்கிறது. எட்டு மணிக்குக் கேட் மூடுகிறது, முன்பு பத்து மணிவரை வியாபாரம் இருக்குமாம். ஒரு தெருவே பிழைப்பது ஒரு வாட்ச்மேன் இடுப்பில் தொங்கும் சாவியில் என்பதும் மாறவில்லை. ஆனால் அந்தச் சாவிக்கு அந்தப் பக்கமும் பசி இருக்கிறது என்று இரண்டு பக்கத்தாருக்கும் இப்போது தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு கல்லூரி உண்டு. ஊருக்கு வெளியே, பெரிய கேட். அதை யாரும் மூடி நான் பார்த்ததில்லை. எதிரே ஒரு பஸ் நிழற்குடை, அதற்குப் பின்னால் கருவேலங்காடு. கடை என்று ஒன்று கிடையாது. இத்தனை வருஷமாகப் பார்த்தும் ஏன் என்று நான் யோசித்ததில்லை. திரும்பி வந்த மறுநாள் டவுன் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது யோசித்தேன். மத்தியானம் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ராத்திரி தங்குகிறவர் யாரும் இல்லை. யாரும் தங்காத இடத்தில் யார் உலை வைப்பார்கள்?

அண்ணன் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. போன வாரம் ஆடித்தபசு அன்னதானக்காரர்கள் கடைக்கு வந்தார்கள். பெரிய அண்டா இரண்டும் வேண்டும் என்றார் பெரியவர். இல்லை என்றேன். வேறு யாரும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டார்.

"காலேஜுக்குப் போயிருக்கு" என்றேன்.

"படிக்கவா?" என்றார் அவர்.

"ஆமா. தினமும் காலையில போயிட்டு, சாயங்காலம் வந்துருது" என்றேன். கடைக்கு வந்தவரிடம் நான் இவ்வளவு பேசியதே பெரிசு.